அறாத கம்பி

கயிறு அறுந்தது. நாய் ஆட்டுப்பட்டிக்குள் போனது. ஒரு குட்டி செத்தது.

நடந்தது அவ்வளவுதான்.

காலையில் ஆட்டுக்காரி வெள்ளைத்தாய் செத்த குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மடம் இருந்த பாறைக் கரட்டின் மேல் ஏறி வந்தாள். மடத்து வாசலில் இறக்கினாள்.

"எவன் நாய்?"

மடத்தில் இருந்ததே இரண்டு பேர். ஒருத்தி நல்லாண்டம்மாள். மடம் அவளுடையது. ஊர் அவளை அம்மா என்று கூப்பிட்டது. இன்னொருவன் பூவலிங்கம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் எல்லாரோடும் சண்டை போட்டு முடித்துவிட்டு, ஞானம் வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அது அவனுக்கு ஓர் உறுத்தல்.

அம்மா அவனைக் கை காட்டினாள்.

"என் நாய் இல்லை," என்றான் பூவலிங்கம். "மழைக்கு ஒதுங்கின நாய்க்குட்டி. தானா வந்தது."

"சோறு வைக்கிறது யாரு?" என்றாள் அம்மா.

"நான்தான்."

"கட்டிப்போட்டது?"

"நான்தான். மடத்துக்கு வர்ற ஜனம் பயப்படுதுன்னு வந்த வாரமே கட்டிட்டேன்."

"அப்ப உன் நாய்தான். பதில் சொல்லு."

அவன் வாயைத் திறப்பதற்குள் வெள்ளைத்தாய் முந்திக்கொண்டாள்.

"இந்தா பாரு. நீ சாமியோ ஆசாமியோ, எனக்குத் தெரியாது. ஆடுதான் எனக்குச் சோறு. இன்னொரு தடவை அந்தச் செவலை நாய் என் பட்டிக்குள்ள வந்துச்சு, கறியில மருந்தைத் தடவி வச்சிருவேன். அப்புறம் அழாதே."

"நான் ஏன் அழப்போறேன்?"

"அழுவே. சோறு வச்சவன் அழுவான்."

குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பூவலிங்கம் புளியமரத்தடிக்குப் போனான். செவலை படுத்திருந்தது. கழுத்தில் நாலு முழக் கயிறு மிச்சம். உதைக்கக் காலைத் தூக்கினான்.

நாய் எழுந்து நின்று வாலை ஆட்டியது.

அவன் வீட்டில் அவன் உள்ளே வந்தால் எழுந்திருக்க ஆள் கிடையாது. டி.வி.யிலிருந்து கண்ணைக்கூட எடுக்க மாட்டார்கள். இது எழுந்தது.

காலைக் கீழே வைத்தான்.

*

"அம்மா, எந்தக் கயிறு அறாது?"

அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"இது ஏன் அறுந்துச்சு?"

"மட்டக் கயிறு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

அம்மா கையை நீட்டினாள். அவன் கயிற்றுத் துண்டைக் கொடுத்தான். அதை அடுப்பில் போட்டாள். நைலான் நாற்றம் எழுந்தது.

மட்டம் என்று அவளும் ஒப்புக்கொண்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். மனிதன் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்வான்.

டவுனுக்குப் பஸ் ஏறினான்.

இரும்புக்கடையில் காஜா மைதீன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"சங்கிலி வேணும்."

"எதுக்குண்ணே?"

"நாய்க்கு."

"எந்தக் கனத்துல?"

"அறாத கனத்துல."

காஜா ஒன்றை எடுத்துப் போட்டான். பூவலிங்கம் தள்ளிவிட்டான். அடுத்ததையும் தள்ளினான். கடைசியில் மாட்டுத் தொழுவச் சங்கிலியில் வந்து நின்றான்.

"அண்ணே, நாயா, காளையா?"

"நாய்தான்."

"பாவம்ணே. இதைச் சுமக்கவே அதுக்குத் தனியாச் சோறு வைக்கணும்."

"உன்கிட்ட யோசனை கேட்டேனா? எடைபோடு."

*

சங்கிலி அறவில்லை. முனையில் இருந்த கொக்கி விரிந்துகொண்டது.

செவலை அத்தனை சங்கிலியையும் பாறையில் இழுத்தபடி இறங்கிப் பட்டிக்குள் புகுந்தது. ஆடுகள் சிதறி ஓடின. ஒரு சினையாடு கல்லில் இடித்துக் காலை முறித்துக்கொண்டது.

வெள்ளைத்தாய் இந்தத் தடவை மேலே வரவில்லை. கீழே நின்றே கத்தினாள். கரடு முழுக்கக் கேட்டது.

"நாயைக் கட்டத் துப்பில்லாதவன் மனசைக் கட்ட வந்துட்டாண்டா!"

மடத்துக்குள் அம்மா சிரித்துவிட்டாள்.

பூவலிங்கத்துக்குக் காது வரைக்கும் எரிந்தது. கீழே கத்தியது பெரிதில்லை. உள்ளே சிரித்ததுதான் பெரிது.

"சிரிக்கிறீங்களா?"

"சரியாத்தானே சொல்றா."

"சங்கிலி அறலை அம்மா. கொக்கிதான் மோசம்."

"அன்னைக்கு?"

"அன்னைக்குக் கயிறு மோசம்."

"அடுத்த தடவை?"

"அடுத்த தடவை எதுவுமே மோசமா இருக்காது."

"பாவம்," என்றாள் அம்மா.

யாரைச் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

*

இப்போது அவனுக்கு வீம்பு ஏறிவிட்டது.

கம்பி என்றால் அவனுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுத்தவன். புயலில் நின்ற கம்பி உண்டு. ஆலமரக் கிளை விழுந்தும் அறாத கம்பி உண்டு. போயும் போயும் ஒரு செவலை நாய் அவனைத் தோற்கடிப்பதா?

காஜா கடையில் நாய்க்கென்றே விற்கும் கம்பி தொங்கியது. மேலே சிவப்புப் பிளாஸ்டிக் உறை. பார்க்க லட்சணம்.

"இதுதாண்ணே இப்ப எல்லாரும் வாங்குறாங்க. வெயில், மழை, எதுக்கும் அசையாது. பங்களா நாயெல்லாம் இதுலதான் நிக்குது."

பூவலிங்கம் சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தான். உறையை ஒரு விரல் அகலத்துக்குக் கீறினான்.

"அண்ணே! அண்ணே! வியாபாரப் பொருள்ணே!"

"வாயை மூடிக்கிட்டு இங்க பாரு."

உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் இருந்தது.

"முனையில தண்ணி இறங்கியிருக்கு. உறை போட்டதை நம்பக் கூடாது. வெளியே பளபளன்னு இருக்கும். துரு உள்ளே உட்கார்ந்து தின்னும். என்னைக்கு அறும்னு யாருக்கும் தெரியாது. இதுக்குத் தாம்புக் கயிறு மேல். நைஞ்சு போனா நைஞ்சது தெரியும்."

காஜா எழுந்தான். அந்தச் சுருளை எடுத்து உள்ளே வைத்தான்.

பூவலிங்கம் உறை இல்லாத, துத்தநாகம் பூசிய முறுக்குக் கம்பி எடுத்தான். விரலில் வளைத்துப் பார்த்தான். இழை எதுவும் பிரியவில்லை. முனை மடக்குவதற்கு வளையம் எடுத்தான். இறுக்குவதற்கு ஒரு கிளாம்ப் போதும். அவன் இரண்டு எடுத்தான். நாய் சுற்றினால் கம்பி முறுக்கேறும், முறுக்கேறினால் இழை விடும். ஆகவே சுழல் கொக்கி. அதிலும் விரியாதது. தையல் பிரியாத தோல் பெல்ட்.

எடுத்ததில் ஒரு குறையும் இல்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இதை வச்சுக் கிணத்துல தூர் வாரலாம்ணே," என்றான் காஜா.

"அது தோக்கணும்."

"எது?"

"நாய்."

காஜா டீக் கிளாஸைக் கீழே வைத்தான். "நாய்கூடவாண்ணே போட்டி?"

*

கம்பி அறவில்லை. கிளாம்ப் நழுவவில்லை. கொக்கி விரியவில்லை. பெல்ட் பிரியவில்லை.

முளை பிடுங்கிக்கொண்டது.

மண்ணில் அடித்த இரும்பு முளை. ராத்திரி பெய்த மழையில் மண் இளகிவிட்டது. பகலில் செவலை தூரத்திலிருந்து ஓடிவந்து ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. அவ்வளவுதான். கம்பியின் முனையில் இரும்பு முளை குதித்துக் குதித்து வர, பாறைக்குப் பாறை மணி அடித்தது மாதிரி சத்தம் போட, நாய் பட்டிக்குள் போய் விழுந்தது. ஆடுகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடின. சாயங்காலம் வரைக்கும் தேடவேண்டியதாயிற்று.

வெள்ளைத்தாய் கரடு ஏறி வந்தாள். வாயைத் திறக்கவில்லை. நாயைப் பார்த்தாள். பூவலிங்கத்தைப் பார்த்தாள். இறங்கிப் போய்விட்டாள்.

கத்துகிறவள் கத்தினால் பயமில்லை. கத்தாமல் போனால்தான் பயம்.

அவன் சிமெண்ட் வாங்கப் போனபோது காஜா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, வெள்ளைத்தாய் உரக்கடையில, நெல் வயலுக்குத் தூவுற குருணை மருந்து வாங்கிட்டுப் போச்சு."

"வாங்கட்டும்."

"ஒரு சாண் வயல் இல்லாத பொம்பளைண்ணே. குருணை எதுக்கு?"

பூவலிங்கம் பணத்தைக் கொடுத்தான். மூட்டையைத் தோளில் ஏற்றினான். பஸ்ஸுக்குப் போவதற்குள் இரண்டு தடவை இறக்கி வைத்தான். மூட்டை கனம் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

கரட்டுக்கு வந்ததும் பாறை இடுக்கில் குழி தோண்டினான். இரும்பு வளையத்தை நிறுத்தினான். சிமெண்டும் ஜல்லியும் குழைத்துக் கொட்டினான். சாக்கை நனைத்துப் போட்டு, இறுகும் வரைக்கும் காவல் இருந்தான். இடையில் ஒரு முறை நாய் வந்து ஈரச் சிமெண்டை முகர்ந்தது. அறைந்து விரட்டினான்.

இறுகிய பிறகு வளையத்தில் ஏறி நின்று குதித்துப் பார்த்தான். அசையவில்லை.

கம்பியை மாட்டினான்.

"அம்மா! வந்து பாருங்க."

*

அம்மா வந்தாள். கம்பியை இழுத்தாள். கொக்கியைத் திருகினாள். வளையத்தை உதைத்தாள்.

"எல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"எதுவும் அறாது?"

"அறாது."

"அப்ப அடுத்து எது அறும்?"

"எதுவும் அறாதுன்னுதானே தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன்!"

"கத்தாதே. எனக்குக் காது நல்லாக் கேட்கும்."

அவள் கொக்கியைக் கழற்றினாள். நாயைக் காதைப் பிடித்து இழுத்துப்போய்த் தானிய அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தாள். வேட்டிக்கு மேல் அவன் அகலமான பச்சை பெல்ட் கட்டியிருப்பான். அதன் முதுகுப் பக்கத்தில் கொக்கியை மாட்டினாள்.

"என்ன இது?"

"ஓடு."

"எங்கே?"

"வெள்ளைத்தாய் மருந்தோட வந்துட்டா. ஓடு!"

"அம்மா, விளையாடாதீங்க..."

அம்மா வாசல் மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தாள். அடித்தாள். வலிக்க அடித்தாள். தோளில் ஒன்று. முழங்கையில் ஒன்று. மூன்றாவது காதோரத்தில் வந்தபோது அவன் ஓடினான். கட்டியிருப்பது மறந்துபோய் ஓடினான்.

கம்பி தீர்ந்தது.

வானம் தெரிந்தது. முதுகு பாறையில் மோதியது. மூச்சு எங்கோ போய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்தது. இரண்டு முழங்கையிலும் தோல் இல்லை.

அம்மா அவனைத் தூக்க வரவில்லை. நேராகக் கம்பிக்குப் போனாள். முனையிலிருந்து முனை வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"அறலையே. நல்ல கம்பிதான்."

"அறிவிருக்கா உங்களுக்கு!" அவன் உட்கார்ந்தபடியே கத்தினான். அம்மா என்பதும் மறந்துவிட்டது, மடம் என்பதும் மறந்துவிட்டது. "ஆளைக் கொன்னிருப்பீங்களே!"

"கழுத்துல மாட்டியிருந்தா கொன்னிருப்பேன். இடுப்புலதானே மாட்டினேன்."

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தானிய அறைக் கதவை நாய் பிறாண்டும் சத்தம் கேட்டது.

எழுந்தான். கதவைத் திறந்தான். உட்கார்ந்து தோல் பெல்ட்டை விலக்கினான்.

அடியில் மயிர் இல்லை. தோலும் பாதி இல்லை. பச்சைப் புண். ஈ மொய்த்த தடம். தினமும் சோறு வைத்த கைதான். கொக்கியைத் தினமும் திருகிப் பார்த்த கைதான். ஒரு நாளும் அதற்கு அடியில் போனதில்லை.

நாய் அவன் முழங்கையை நக்கியது. ரத்தம் வந்த இடத்தை.

"சீ, போ," என்றான்.

போகவில்லை.

அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. தெரியாததனால் இன்னும் வந்தது.

*

புண்ணுக்கு வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டான். பழைய வாரையும் சாக்கையும் சேர்த்துத் தைத்து, கழுத்தில் படாமல் நெஞ்சைச் சுற்றி வரும் பட்டை செய்தான். பிறகு கம்பி வேலையில் இறங்கினான்.

புளியமரத்திலிருந்து மடத்துக் கல்தூண் வரைக்கும் தலைக்கு மேலே ஒரு கம்பி இழுத்தான். அதில் ஒரு கப்பி ஓடவிட்டான். கப்பியிலிருந்து குட்டையாக ஒரு கம்பி தொங்கியது. நடுவில் ஒரு ஸ்பிரிங். ஓடிவந்து பாய இடமில்லை. பாய்ந்தாலும் வெட்டி இழுக்காது. ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். ஒரு கோடியில் நிழல். மறு கோடியில் தண்ணீர்த் தொட்டி.

முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. லைன்மேனுக்கு அரை நாள் வேலை. அன்றைக்கு அவனுக்கு நாயைத் தோற்கடிக்க வேண்டியிருந்தது. ஆகவே தோன்றவில்லை.

அம்மா வந்து பார்த்தாள்.

"வேலை சுத்தம்," என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அடுப்படியில் பாத்திரம் உருண்டது.

அவன் பின்னாலேயே போனான்.

"இன்னும் என்ன கோபம்? புண்ணுக்கு மருந்து போட்டாச்சு. கழுத்துல கட்டலை. நிழல் இருக்கு, தண்ணி இருக்கு. வேற என்னதான் செய்யணும்?"

"நீ என்ன கேட்டே?"

"அறாத கம்பி."

"கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு."

"அப்பப் போய்ச் சந்தோஷமா இரு. எனக்கு உலை கொதிக்குது."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் போய் உட்கார்ந்தான். சந்தோஷமாக இருக்கப் பார்த்தான்.

செவலை மரத்திலிருந்து தூணுக்கு நடந்தது. தூணிலிருந்து மரத்துக்கு நடந்தது. கப்பி கிறீச் என்றது. ஒவ்வொரு தடவையும் பள்ளத்துப் பக்கக் கோடியில் நின்று கீழே பட்டியைப் பார்த்தது. மறுபடி நடந்தது. நாள் முழுக்கக் கிறீச், கிறீச்.

தாங்க முடியாமல் கப்பிக்கு எண்ணெய் விட்டான்.

சத்தம் நின்றது. நடை நிற்கவில்லை.

*

சந்தை நாளில் அம்மா அவனை உப்பு வாங்க அனுப்பினாள். பஸ் கிடைத்துத் திரும்ப மத்தியானம் தாண்டிவிட்டது.

கம்பி காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தான். மேல்கம்பி சரி. கப்பி சரி. ஸ்பிரிங் சரி. கொக்கி சரி. எதுவும் அறவில்லை!

ஒரு கணம் அவனுக்குப் பெருமையாக இருந்தது. நாய் இல்லை, ஆனாலும் பெருமையாக இருந்தது. மனித ஜென்மம் அப்படி.

அப்புறம்தான் பாறை மேல் கிடந்த இலையைப் பார்த்தான். தேக்கு இலை. அதில் கறி. பக்கத்தில் ஈக்கள் செத்துக் கிடந்தன.

உப்புப் பை கீழே விழுந்தது.

சரிவில் இறங்கி ஓடினான். ஓடினான் என்பதைவிட உருண்டான் என்று சொல்லலாம். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது.

"செவலை! ஏ செவலை!"

பட்டியில் சத்தமே இல்லை. அது அவனுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

வெள்ளைத்தாய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைக்கம்பு. வாய் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது. அவளைச் சுற்றி ஆடுகள் வேப்பந்தழையைக் கடித்துக்கொண்டிருந்தன. நடுவில் செவலை படுத்திருந்தது. அசையவில்லை.

பூவலிங்கம் வேலியைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு குட்டி வந்து நாயின் காதைக் கடித்தது. நாய் தலையை உதறியது. மறுபடி தாடையைத் தரையில் வைத்துக்கொண்டது.

"வா சாமி," என்றாள் வெள்ளைத்தாய். "நல்லா வளர்த்திருக்கே. மான ரோசம் இல்லாத நாய்."

"என்ன செஞ்சே அதை?"

"கொல்லத்தான் வந்தேன். மறைக்கவா போறேன்? நீ பஸ் ஏறினதைப் பார்த்துட்டுத்தான் ஏறி வந்தேன். கறியை இலையில வச்சுக் கிட்டத்துல கொண்டுபோனேன். அது கட்டுல நின்னுக்கிட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? நான் குலசாமி கும்பிடுறவய்யா. கிடா வெட்டுறப்பக்கூடக் கயித்தை அவுத்துட்டு, தண்ணியைத் தெளிச்சு, அது தலையை உலுப்பின பிறகுதான் அருவாளை ஓங்குவோம். கட்டுல நிக்கிறதுக்கு விஷம் வைக்கிறதா? அதைச் செஞ்சுட்டு நான் கோயில் படியை மிதிக்க முடியுமா? கறியைத் தள்ளி வச்சேன். கம்பை எடுத்தேன். அவுத்து விட்டே அடிச்சுக் கொல்லுவோம்னு கொக்கியைக் கழட்டினேன்."

அவள் கம்பால் தரையைக் குத்தினாள்.

"ஓடினா அடிக்கலாம். மேல பாய்ஞ்சாலும் அடிக்கலாம். ஓடவும் இல்லை, பாயவும் இல்லை. நின்னு, தலையிலேருந்து வால் வரைக்கும் ஒரு உலுப்பு உலுப்புச்சு பாரு. சம்மதம் குடுக்குதாம், நாய்! எனக்குக் கை விளங்கலே. நாசமாப் போன்னு திட்டிட்டு இறங்கினேன். பின்னாலயே வருது. கல்லெடுத்து எறிஞ்சேன். வருது. வந்து படுத்துக்கிட்டுது. நீயே கேளு அதை."

பூவலிங்கம் ஆடுகளைப் பார்த்தான். ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

"ஆடு மிரளலையா?"

"இன்னைக்கு எதுக்கு மிரளணும்? அன்னைக்கெல்லாம் சங்கிலியும் இரும்பும் லொடலொடன்னு பின்னால அடிச்சுக்கிட்டு வந்துச்சு. பேய் வருதுன்னு ஓடுச்சுக. இன்னைக்கு நாய் வந்துச்சு. சும்மா வந்துச்சு."

அவன் வேலியைத் தாண்டி உள்ளே வந்தான்.

"முதல்ல செத்த குட்டி... இது கடிக்கலையா?"

"கடிச்சுதுன்னு நான் எப்பச் சொன்னேன்? கயிறு ஒரு ஆட்டுக் கால்ல சுத்திக்கிட்டுது. அது துள்ள, மத்ததெல்லாம் மிரண்டு ஓட, குட்டி மிதிபட்டுப் போச்சு. வாசல்ல கொண்டாந்து போட்டேனே, ஒரு பல் தடம் இருந்துச்சா? குனிஞ்சு பார்த்தியா நீ? உனக்கு எது அறுந்துச்சுங்கிற கவலைதானே!"

அவன் நாயின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் மட்டும் என்ன?" என்றாள் அவள், கொஞ்சம் குரல் இறங்கி. "எனக்கும் நாய் மேலதான் ஆத்திரம். பின்னால இழுபட்டு வந்த கயித்தை நானும் நினைச்சுப் பார்க்கலை."

ஒரு கிடா வந்து அவள் கைக்கம்பை மென்றது. அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போ. மேல போய் அந்தக் கறியை எடுத்து ஆழமாப் புதை. காக்கா தின்னுடப் போகுது. அந்தப் பாவமும் எனக்கு வேண்டாம்."

"நாயை..."

"கிடக்கட்டும். ராத்திரி நரி வருது. இதாவது குலைக்கும். நீ அந்தக் கம்பியைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிருவேன்."

*

கறியைப் புதைத்தான். மேலே கல்லை ஏற்றினான். கையைக் கழுவினான். சிந்தியது போக மிச்ச உப்பை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் அம்மா. திரும்பவில்லை.

"கீழே போயிருந்தேன்."

"நாய் எங்கே?"

"பட்டியில."

அம்மாவின் கை நின்றது. திரும்பினாள்.

"ஆடு?"

"மேயுது."

"கம்பி அறுந்துச்சா?"

"இல்லை."

"கொக்கி?"

"விரியலை."

"மரமே சாய்ஞ்சுடுச்சா?"

"எதுவும் ஆகலை அம்மா. எல்லாம் அப்படியே இருக்கு."

"பிறகு எப்படிப் போச்சு?"

"அவுத்து விட்டாச்சு."

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். இத்தனை நாளும் அவள் முகத்தில் இருந்த கடுகடுப்பு இளகியது.

"நீயா?"

பூவலிங்கத்தால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"வெள்ளைத்தாய்."